கத்துவது பொய், சிமிட்டுவது நிஜம்

அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகரை ஒட்டி இருக்கிறது லோயர் மெரியன் பள்ளி மாவட்டம். வசதியானவர்கள் வாழும் பகுதி. அங்குள்ள இரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் படித்த சுமார் 2,300 மாணவர்களுக்கு ஆளுக்கொரு ஆப்பிள் மேக்புக் கொடுத்தார்கள். வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். கொஞ்ச நாளில் சில மாணவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். யாரும் கேமராவைத் தொடாதபோதே, திரைக்கு மேலே இருக்கும் பச்சை விளக்கு சட்டென்று எரிந்து அணைந்தது. பள்ளியில் போய்க் கேட்டார்கள். ‘அது ஏதோ சின்னக் கோளாறு’ என்று பதில் வந்தது.

கோளாறு எதுவும் இல்லை. லேப்டாப் திருடு போனால் கண்டுபிடிப்பதற்காகப் போட்டுவைத்த சாஃப்ட்வேர் அது. முடுக்கிவிட்டால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கேமராவில் ஒரு படமும், திரையில் ஓடுவதை ஒரு படமும் எடுத்துப் பள்ளியின் சர்வருக்கு அனுப்பிவிடும். 2009 நவம்பரில் 15 வயது மாணவன் ஒருவனைத் துணை முதல்வர் அழைத்து, அவன் தன் வீட்டில் தகாத காரியம் செய்வதாகச் சொன்னார். ஆதாரம்? அவன் லேப்டாப்பே எடுத்த படம். அவன் கையில் இருந்தது மாத்திரை என்று பள்ளி நினைத்தது. வெறும் மிட்டாய் என்றது குடும்பம். 2010 பிப்ரவரியில் வழக்கு. விசாரித்தபோது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது பள்ளி மாவட்டம்.

இந்தக் கதையில் எச்சரிக்கை ஒன்று இருந்தது. சின்னப் பச்சைப் புள்ளி. சத்தமில்லாமல் வந்தது, யாரும் மதிக்கவில்லை.

இப்போது நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். சமையல் குறிப்போ, புதுப்பட விமர்சனமோ தேடிக்கொண்டிருக்கும்போது திரை முழுக்கச் சிவப்பாக மாறுகிறது. ‘உங்கள் கணினியில் வைரஸ். உங்கள் கேமரா வழியாக யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் அலறுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் சின்னம் மாதிரியே ஒரு சின்னம், கீழே ஒரு தொலைபேசி எண். உடனே அழைக்காவிட்டால் கணினி முடங்கிவிடும் என்று மிரட்டல். வீட்டில் இருக்கும் பெரியவருக்குக் கை நடுங்குகிறது, எண்ணை அழைத்துவிடுகிறார். பச்சை விளக்கைக் கண்டுகொள்ளாத மனித மனம், சிவப்புத் திரைக்கு மட்டும் அப்படியே பணிந்துவிடுகிறது.

வெப்கேம் எச்சரிக்கைகளின் பெரிய வேடிக்கை இதுதான். நிஜமானவை பெரும்பாலும் மெதுவாக, ஓரமாக, ஒரு வரியில் வருகின்றன. கத்துகிறவை ஏறக்குறைய எல்லாமே பொய்.

அந்தச் சிவப்புத் திரைக்குப் பின்னால் வைரஸ்கூடக் கிடையாது. அது ஒரு சாதாரண வலைப்பக்கம். ஏதோ ஒரு விளம்பரம் வழியாக வந்து, பிரவுசரை முழுத்திரை ஆக்கி, ஒலியை ஓடவிட்டு, மூடுவதற்கான பொத்தான் கண்ணில் படாமல் செய்கிறது. ஒரு வலைப்பக்கத்தால் கேமராவைத் தானாகத் திறக்க முடியாது. பிரவுசர் உங்களிடம் அனுமதி கேட்டே தீரும். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் முழுத்திரை கலைந்துவிடும். கலையவில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அங்கே பிரவுசரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் கதை முடிந்தது. மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் சிவப்புத் திரையும் சேர்ந்து மீண்டு வரும்.

மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது ஒன்றுண்டு: தங்கள் பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. எண் இருந்தால் அது மோசடி. ஒரே பார்வையில் ஆளை அடையாளம் காட்டும் சோதனை இது, வேறெதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

எண்ணை அழைத்தவருக்கு என்ன ஆகும்? மறுமுனையில் மரியாதையாகப் பேசும் ஒரு ‘என்ஜினீயர்’, எனிடெஸ்க் போன்ற ஒரு தொலைதூரக் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேரை இறக்கச் சொல்வார். அதுவரை பூட்டியே இருந்த வீட்டுக்குச் சாவியை உரிமையாளரே ஜன்னல் வழியாக நீட்டுவது அந்தக் கணத்தில்தான். இந்தத் தொழிலின் ஒரு கிளை டெல்லியை ஒட்டிய குருகிராமில் இருந்தது. 2020-ல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி அதைக் காட்டியபோது, உள்ளே நடப்பதை உலகம் பார்த்தது. ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர், அந்த கால்சென்டரின் சிசிடிவி கேமராக்களுக்குள்ளேயே புகுந்திருந்தார். ‘உங்கள் கம்ப்யூட்டருக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள்’ என்று பிரிட்டனில் இருந்த முதியவர்களை மிரட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் அலுவலகக் கேமராவையே இன்னொருவர் பார்க்கிறார் என்பது தெரியவில்லை.

சிவப்புத் திரைக்கு ஒரு தம்பியும் உண்டு. திரையின் வலது கீழ் மூலையில், விண்டோஸே சொல்வதுபோல அடிக்கடி எட்டிப் பார்க்கும் குட்டிப் பெட்டி: ‘உங்கள் கேமரா ஆபத்தில்’, ‘ஆன்டிவைரஸ் காலாவதி’. சர்வீஸ் கடையில் இதற்காக விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய அலவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும். வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அது நோட்டிஃபிகேஷன் அனுப்புவதற்கான அனுமதி. குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் போய், ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று பார்த்தால் அந்தத் தளத்தின் பெயர் இருக்கும். நீக்கினால் பெட்டியும் போய்விடும். அதே ‘சைட் செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘கேமரா’ என்றும் ஒரு வரி இருக்கிறது. எந்தெந்தத் தளத்துக்குக் கேமராவைக் கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் அதில் கிடைக்கும். பழைய ஆன்லைன் வகுப்புத் தளங்களை எல்லாம் அங்கே பார்த்துத் திகைக்கிறவர்கள் அதிகம்.

மூன்றாவது வகை மின்னஞ்சலில் வருகிறது. 2018-ல் உலகம் முழுக்கப் பரவிய மோசடி, இன்றும் ஓயவில்லை. ‘உன் கம்ப்யூட்டரில் நுழைந்துவிட்டேன். நீ ஆபாசத் தளம் பார்த்தபோது உன் வெப்கேமில் உன்னைப் படம்பிடித்தேன். பிட்காயினில் பணம் அனுப்பு. இல்லையென்றால் உன் தொடர்புகள் அத்தனை பேருக்கும் வீடியோ போகும்.’ படிப்பவரை உலுக்குவது அடுத்த வரி. அவர் உண்மையிலேயே ஒரு காலத்தில் பயன்படுத்திய பாஸ்வேர்டு அதில் இருக்கும். சில சமயம் அஞ்சல் அவருடைய முகவரியிலிருந்தே அவருக்கு வந்ததுபோலத் தெரியும்.

பாஸ்வேர்டு நிஜம், வீடியோ பொய். பெரிய இணையதளங்களில் பல ஆண்டுகளாகத் திருடப்பட்ட பாஸ்வேர்டு பட்டியல்கள் மொத்தமாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போடுவதும் பெரிய வித்தை அல்ல. ஒரே கடிதம் லட்சக்கணக்கானவர்களுக்குப் போகிறது. வீடியோ இருப்பதாகச் சொல்கிறவன் அதிலிருந்து ஒரு படத்தைக்கூட இணைப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹண்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தில் நம் மின்னஞ்சலைக் கொடுத்தால், அது எந்தெந்தத் திருட்டில் சிக்கியது என்று தெரிந்துவிடும். அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருந்தால் மாற்ற வேண்டும். பதில் எழுதவும் வேண்டாம், பணம் அனுப்பவும் வேண்டாம்.

இந்தியாவில் இப்போது இதைவிடத் துணிச்சலான ஒரு வகை கிளம்பியிருக்கிறது. கேமராவை ஹேக் செய்யும் சிரமமே அவர்களுக்கு இல்லை. நம்மையே திறக்க வைக்கிறார்கள். சிபிஐ, போலீஸ், சுங்கத்துறை என்று சீருடையோடு வீடியோ காலில் தோன்றி, ‘நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை அணைக்கக் கூடாது’ என்று மணிக்கணக்கில், சிலரை நாள்கணக்கில் உட்காரவைக்கிறார்கள். 2024 அக்டோபர் 27 அன்று தன் வானொலி உரையில் பிரதமர் மோடி இதைப் பற்றிப் பேசி, சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார்.

அப்படியானால் வெப்கேமில் ஒளிந்து பார்ப்பது என்பதே கட்டுக்கதையா? இல்லை. நடந்திருக்கிறது, வழக்குகளும் தண்டனைகளும் உண்டு. ஆனால் அவற்றில் எதிலும் சிவப்புத் திரை வரவில்லை.

2013-ல் மிஸ் டீன் யுஎஸ்ஏ பட்டம் வென்ற இளம்பெண்ணின் கதையில், முதல் அறிகுறி ஃபேஸ்புக்கிலிருந்து வந்த ஒரு சாதாரண அறிவிப்பு: வேறு ஊரிலிருந்து யாரோ உங்கள் கணக்கில் நுழையப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அவருடைய படங்களோடு மிரட்டல் அஞ்சல் வந்தது. அவருடைய லேப்டாப்பின் கேமராவை மாதக்கணக்கில் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். எஃப்பிஐ பிடித்தபோது, அவன் அவருடைய பள்ளியிலேயே படித்தவன் என்று தெரிந்தது. 2014 மார்ச்சில் 18 மாதச் சிறை. அவன் கையில் இருந்த கருவிகளில் ஒன்று பிளாக்‌ஷேட்ஸ். அப்போது இதன் விலை வெறும் 40 டாலர். 2014 மே மாதம் எஃப்பிஐ அறிவித்தபடி, நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இதற்கு இரையாகியிருந்தன. 90-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது 2009-ல் வெளிவந்த கோஸ்ட்நெட் விவகாரம். தரம்சாலாவில் தலாய் லாமாவின் அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்தது; கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து சோதித்தார்கள். நூல் பிடித்துப் போனபோது 103 நாடுகளில் 1,295 கணினிகள் சிக்கின, தூதரகங்கள் உட்பட. அந்த உளவு சாஃப்ட்வேரால் எதிரே இருக்கும் கேமராவையும் மைக்கையும் இயக்க முடியும். உள்ளே நுழைந்த வழி? மின்னஞ்சலில் வந்த, நம்பத்தக்கதாகத் தோன்றிய ஓர் இணைப்பு.

‘மேக்கில் வைரஸ் வராது’ என்ற நம்பிக்கையை உடைக்க ஃப்ரூட்ஃப்ளை என்ற உளவு சாஃப்ட்வேர் போதும். கணினிப் பொறுப்பாளர் ஒருவர், ஒரு மேக்கிலிருந்து விநோதமான போக்குவரத்து வெளியே போவதைக் கவனித்ததால்தான் 2017-ல் அது பிடிபட்டது. ஒஹையோவைச் சேர்ந்த ஒருவர் 13 ஆண்டுகளுக்கும் மேலாக ஆயிரக்கணக்கான கணினிகளில் அதை ஓட்டிக்கொண்டிருந்ததாக 2018 ஜனவரியில் அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. பதின்மூன்று ஆண்டுகள். அத்தனை காலமும் அந்தக் கணினிகளில் எந்த அபாயச் சங்கும் ஒலிக்கவில்லை.

(ஒரு ஆறுதல் கதையும் இருக்கிறது. 2012-ல் ஜார்ஜியா நாட்டின் இணையப் பாதுகாப்புப் பிரிவு, தங்கள் அரசுக் கணினிகளை உளவுபார்த்தவனுக்கு ‘ஜார்ஜியா - நேட்டோ ஒப்பந்தம்’ என்று பெயரிட்ட கோப்பைத் தூண்டிலாக வைத்தது. திருடிக்கொண்டு போய்த் திறந்தான். அவனுடைய வெப்கேமிலேயே அவனைப் படம்பிடித்து, அறிக்கையில் போட்டு வெளியிட்டுவிட்டார்கள்.)

சரி, விளக்கை நம்பலாமா? மிஸ் டீன் யுஎஸ்ஏ, தன் கேமரா விளக்கு எரியவே இல்லை என்றுதான் சொன்னார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மாத்யூ பிராக்கரும் ஸ்டீஃபன் செக்கோவேயும் 2013 டிசம்பரில் அப்படி நடக்க முடியும் என்று நிரூபித்தார்கள். 2008-க்கு முந்தைய மேக்புக், ஐமேக் கேமராக்களில், சென்சார் ‘ஓய்வு’ நிலையில் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும் என்று வயரிங் செய்திருந்தார்கள். ஆய்வாளர்கள் இருவரும் கேமராவின் உள் மென்பொருளை மாற்றி எழுதி, ஓய்வு என்ற சமிக்ஞையை சென்சார் மதிக்காமல் செய்துவிட்டார்கள். விளக்கு அணைந்தே இருக்க, படம் ஓடியது. 2024-ல் ஆண்ட்ரே கோனோவலோவ் என்ற ஆய்வாளர், 2012-ல் வந்த திங்க்பேட் எக்ஸ்230 லேப்டாப்பில் இதே வித்தையைச் செய்து காட்டினார். அதில் விளக்கைக் கட்டுப்படுத்துவதே கேமராவின் மென்பொருள்தான். கேமராவுக்குப் போகும் மின்சாரமே விளக்கையும் எரிய வைக்கும்படி அமைத்த மாடல்களில் இந்த ஏமாற்று நடக்காது. ஆக, விளக்கு எரிந்தால் கண்டிப்பாக நம்பலாம். எரியாததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தும்.

விளக்கு தானாக எரிகிறது என்றால் பதறுவதற்கு முன் செய்ய வேண்டியது விசாரணை. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘கேமரா’ என்று போனால், எந்தச் செயலி கடைசியாக எப்போது கேமராவைத் தொட்டது, இப்போது எது பயன்படுத்துகிறது என்று நேரத்தோடு காட்டும். பாதி வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும். மூட மறந்த மீட்டிங் டேப், பின்னணியில் ஓடும் டீம்ஸ், முகத்தைப் பார்த்து லாகின் செய்யும் விண்டோஸ் ஹலோ. கடைசியாகச் சொன்னது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும். பல லேப்டாப்களில் கேமரா பக்கத்தில் மங்கலான சிவப்புப் புள்ளி சிமிட்டும். திடீரென்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். மேக்கில் 2021-ல் வந்த மான்டெரி முதல், கேமரா ஓடினால் திரையின் மேல் பட்டையில் பச்சைப் புள்ளி, மைக் ஓடினால் ஆரஞ்சுப் புள்ளி; கண்ட்ரோல் சென்டரைத் திறந்தால் செயலியின் பெயரும் தெரியும்.

விண்டோஸ் பட்டியலில் ஓர் ஓட்டை உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்த பழைய பாணிச் செயலிகள் சில அந்தப் பட்டியலில் வராமல் போகலாம், அங்கே அணைத்து வைத்தாலும் கட்டுப்படாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. சில ஆன்டிவைரஸ்களில் இருக்கும் வெப்கேம் காவல் வசதி பயன்படுவது இந்த இடத்தில். இன்னார் கேமராவைக் கேட்கிறார், விடவா என்று அது கேட்கும். இந்தக் கேள்வியை வீட்டில் இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சிலர் ஹேக்கர் வந்துவிட்டான் என்று நினைத்துத் ‘தடு’ என்று அழுத்திவிட்டு, மறுநாள் பிள்ளையின் வகுப்பில் கேமரா வரவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கேமரா கெட்டுப்போயிருக்காது, ஆன்டிவைரஸ் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கும். மற்றவர்கள் எது கேட்டாலும் ‘அனுமதி’ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெயரைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நிமிடம் நாம் வீடியோ கால் தொடங்கியிருந்தால் ஜூம் கேட்பது இயல்பு. யாரும் எதுவும் திறக்காதபோது, கேள்விப்படாத பெயர் ஒன்று கேட்டால் தடுத்துவிட்டு விசாரிக்க வேண்டும். அந்தக் கோப்பு கணினியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதும் உதவும்; ஆனால் ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் இல்லாதது எல்லாம் திருட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஜூமே பலரது கணினியில் அதற்கு வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பெயர் தெரிந்த செயலி என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2019 ஜூலையில் ஜோனதன் லைட்ஷூ என்ற ஆய்வாளர் ஜூமில் ஒரு குறையை வெளியிட்டார். மேக்கில் ஜூம் ரகசியமாக ஒரு குட்டி வெப் சர்வரை நிறுவியிருந்தது. அதனால், ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே, கேமரா ஓடும் நிலையில் மீட்டிங்கில் போய் விழ வாய்ப்பிருந்தது. ஜூமை நீக்கினாலும் அந்த சர்வர் மட்டும் தங்கிவிடும். கடைசியில் ஆப்பிளே எல்லா மேக்குகளிலிருந்தும் அதை அகற்றும் அப்டேட்டை அனுப்பியது. ‘அப்டேட் செய்யவா?’ என்று கேட்கும் சலிப்பூட்டும் பெட்டியும் ஒரு நிஜமான காவலாளிதான்.

விசாரித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் முதலில் வைஃபையைத் துண்டிக்க வேண்டும். இணையம் இல்லாமல் உளவுக்காரனால் ஒன்றும் எடுத்துப்போக முடியாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் ரகங்களும் மாட்டும். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியிலிருந்து மாற்றக் கூடாது, வேறொரு சாதனத்திலிருந்து மாற்ற வேண்டும். அதன்பிறகும் ஐயம் இருந்தால் ஃபோட்டோ, ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது நல்லது. அப்போது ‘எல்லாம் உள்ளது’ என்று கடையில் போட்டுத் தரும் கிராக் ஆபீஸ், கிராக் போட்டோஷாப் வேண்டாம். கேமராவைத் திறக்கும் உளவு சாஃப்ட்வேர்கள் வீட்டுக்குள் வரும் பிரதான வாசல்களில் அதுவும் ஒன்று.

யாராவது மிரட்டினால், பணம் கேட்டால், தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930. மிரட்டல் அஞ்சலை அழிக்காமல் வைத்திருப்பது முக்கியம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு நல்ல துணை இருக்கிறது. எஃப்பிஐ இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமி தன் லேப்டாப் கேமராமேல் டேப் ஒட்டியிருப்பதாக 2016-ல் சொன்னார். அதே ஆண்டு ஜூனில் மார்க் ஸக்கர்பெர்க் வெளியிட்ட ஒரு படத்தில், பின்னால் இருந்த அவருடைய லேப்டாப்பிலும் கேமராவில் டேப். ஒட்டுவதில் தவறில்லை, கனமான மூடியைத் தவிர்த்தால் சரி. கேமராமேல் மூடி வைத்து மேக்புக்கை மூடினால் திரை சேதமாகலாம் என்று 2020-ல் ஆப்பிள் எச்சரித்தது. தவிர்க்க முடியாவிட்டால் சாதாரண அச்சுத் தாளின் பருமனான 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றது. இப்போது பல லேப்டாப்களில் சறுக்கி மூடும் ஷட்டர் உடன்பிறந்தே வருகிறது.

ஸக்கர்பெர்க் படத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள், மைக் இருக்கும் இடத்திலும் டேப் இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். டேப்பால் ஒலி நிற்குமா என்பது வேறு கேள்வி. பேசியது கேட்டுவிட்டால் முகம் தெரியாமல் போனதில் பெரிய லாபம் இல்லை. ஆப்பிளின் புதிய மேக்புக்குகளில் மூடியை மூடியதும் மைக்கின் இணைப்பு வன்பொருளிலேயே அறுந்துவிடும். கேமராவுக்கு அப்படிச் செய்யவில்லை. மூடிய லேப்டாப்பில் அதற்குத் தெரிவது இருட்டு மட்டும். விண்டோஸ்காரர்களுக்கு, செட்டிங்ஸில் கேமரா இருக்கும் அதே பகுதியில் மைக்ரோஃபோனுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. அதிலும் செயலிகளின் பட்டியல் உண்டு, கடைசியாகக் கேட்ட நேரமும் உண்டு.